துணி போன வழியும் திரும்பி வந்த சரக்கும்: பருத்தி வணிகத்தின் பாதையைத் தேடிக் கண்டறியும் முறை

கண்டங்களுக்கிடையே நடந்த பருத்தி வணிகத்தை ஆராயத் தொடங்குபவர்கள் முதலில் ஒரு வரைபடத்தை விரித்து, துணி புறப்பட்ட துறைமுகத்திலிருந்து அது சேர்ந்த துறைமுகம் வரை ஒரு கோடு இழுத்துவிடுவது வழக்கம். அந்தக் கோடு உண்மையானதுதான் என்றாலும், வணிகத்தின் ஒரு பாதியை மட்டுமே அது காட்டுகிறது. துணியை வாங்கியவர் அதற்கு ஈடாக எதையோ கொடுத்திருக்கிறார்; அந்த ஈடு வெள்ளியாகவோ கிராம்பாகவோ சோழியாகவோ இருக்கலாம், விலங்கிடப்பட்ட மனிதர்களாகவும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு துறைமுகத்திலும் நின்று, "இங்கே இறங்கிய துணிக்கு எதிராக எந்தச் சரக்கு கப்பலேறியது?" என்று கேட்பதே இங்கு நான் விளக்கும் முறையின் அடிப்படை. கல்லூரி மாணவர்களும், வரலாற்று ஆசிரியர்களும், தங்கள் குடும்பத்தின் நெசவு அல்லது வணிகப் பின்னணியைத் தேடுபவர்களும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதிய பொறுமையும் இருந்தால் இந்த வேலையைத் தாங்களே செய்யலாம்.

சரக்கைச் சுருக்கிக்கொள்ளுதல்

பருத்தி என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று தனித்தனி வணிகங்கள் அடங்கியிருக்கின்றன: கொட்டை நீக்கிய பஞ்சு, நூற்ற நூல், நெய்த துணி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது பெரும்பாலும் துணிதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குச் சென்றது பஞ்சு. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்தவை ஆலை நூலும் ஆலைத் துணியும். இம்மூன்றையும் கலந்துவிட்டால் எந்தக் கணக்கும் பொருளற்றதாகிவிடும். ஆகவே ஒரே சரக்கு, அதிகபட்சம் முப்பது அல்லது நாற்பது ஆண்டுக் காலம், இரண்டு அல்லது மூன்று துறைமுகங்கள் என்று எல்லை வகுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நோட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி ஒதுக்கி, ஆண்டும் மாதமும், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், ஆவணத்தில் உள்ளபடியே சரக்கின் பெயர், ஆவணத்தில் உள்ளபடியே அளவு, விலை, திரும்பிய சரக்கு என்று பத்திகள் பிரித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பத்தி நீண்ட நாள் வெறுமையாகவே இருக்கும். அதை நிரப்புவதற்காகத்தான் மற்ற பத்திகள் இருக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

பெயர்களை நம்பாமல் படித்தல்

துணிப் பெயர்கள் ஆராய்ச்சியாளரை ஏமாற்றுவதைப் போல வேறெதுவும் ஏமாற்றுவதில்லை. சில பெயர்கள் ஏற்றுமதித் துறைமுகத்தைக் குறிக்கின்றன, சில சென்றடைந்த இடத்தைக் குறிக்கின்றன, இன்னும் சில அத்துணியை முதன்முதலில் எங்கே கண்டார்களோ அந்த நகரத்தைக் குறிக்கின்றன. 'காலிகோ' என்ற சொல் கோழிக்கோட்டிலிருந்து பிறந்தது. ஆனால் ஐரோப்பியர் அப்பெயரிட்டு வாங்கிய துணிகளில் பெரும்பங்கு கோழிக்கோட்டில் நெய்யப்பட்டதல்ல, குஜராத்திலும் சோழமண்டலக் கடற்கரையிலும் வங்கத்திலும் நெய்யப்பட்டது. 'மஸ்லின்' என்ற பெயரில் இராக்கின் மோசுல் நகரம் ஒளிந்திருக்கிறது; அப்பெயரால் புகழ்பெற்ற துணியோ டாக்காவைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்தது. 'கினித் துணி' என்று பதிவான நீலத் துணி ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையில் விற்பதற்காகச் சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டது. லிவர்பூல் சந்தையில் 'சூரத்' என்று சொன்னால் அது பெரும்பாலும் இந்தியப் பஞ்சு என்ற பொதுப்பொருளையே தந்ததால், அந்தச் சொல்லைக் கண்டவுடன் சூரத் நகரிலிருந்து கோடு இழுத்துவிடக் கூடாது.

எனவே பெயரைக் கண்டவுடன் அதை இன்றைய சொல்லுக்கு மாற்றாமல், எழுதியவர் எழுதியபடியே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதன் நீளம், அகலம், நூல் அடர்த்தி, சாயம் ஆகியவற்றைத் தேடுங்கள். சோழமண்டலக் கரையின் வடபகுதித் துணிகளுக்குப் 'புஞ்சம்' என்ற கணக்கு இருந்தது. ஒரு புஞ்சம் என்பது 120 பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூல். 14 புஞ்சம் என்று எழுதியிருந்தால் அத்துணியின் அகலத்தில் 1,680 பாவு நூல்கள் ஓடின என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு துணியின் தரத்தைப் பற்றி இதைவிட உறுதியான சான்று ஆவணங்களில் அரிதாகவே கிடைக்கும். சாயத்தைப் பொறுத்தவரை, நீலம் என்றால் அவுரி. சோழமண்டலச் சிவப்பு என்றால் கடலோர மணலில் விளையும் சாயவேர். சாயம் துணிக்குள் உறுதியாக ஊறி, துவைத்தாலும் மங்காமல் நின்றதுதான் ஐரோப்பியச் சந்தையில் இந்தியச் சீட்டி என்ற பூ அச்சுத் துணிகளுக்குக் கிடைத்த வரவேற்பின் முதன்மைக் காரணங்களில் ஒன்று.

அளவும் நாணயமும்

ஒரே பெயருள்ள எடை இரு துறைமுகங்களில் இரு வேறு பாரமாக இருக்கும் என்பதை மறந்துவிட்டு நான் ஒரு முறை பல வாரக் கணக்கைத் திரும்பப் போட நேர்ந்தது. பம்பாயில் பஞ்சுக்கு வழங்கிய ஒரு கண்டி 784 ராத்தல் (பவுண்டு). சென்னையில் வழங்கிய ஒரு கண்டி 500 ராத்தல். ஆயிரம் கண்டி என்று இரு ஆவணங்கள் சொன்னால், முதலாவது ஏறத்தாழ 355 டன், இரண்டாவது ஏறத்தாழ 227 டன். எகிப்தில் பஞ்சை எடைபோட்ட 'கண்டார்' சுமார் 45 கிலோகிராம். ஆகவே அளவுப் பத்திக்கு அருகில் அந்த அளவு எந்தத் துறைமுகத்துக்குரியது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். துணியை எண்ணும்போது ஐரோப்பியக் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் ஆவணங்களில் 'கோர்ஜ்' என்ற சொல் அடிக்கடி வரும். அது 20 உருப்படிகளைக் குறிக்கும்.

நாணயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. சென்னைக் கணக்குகளில் வராகன், பணம், காசு என்று மூன்றடுக்கு இருந்தது. ஒரு வராகனுக்கு எத்தனை பணம் என்பது காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறியது. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது ஒரு நட்சத்திர வராகன் மூன்றரை ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. இந்த ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு நூறாண்டுக்கு முந்தைய விலைகளை மாற்றிவிடாமல், அந்தந்த ஆவணத்துக்குள்ளேயே ஒரு துணியின் விலையை அதே ஆண்டின் அரிசி விலையோடு ஒப்பிடுவது நம்பகமான வழி. நெசவாளருக்கு அந்த விலை என்ன பொருள் தந்தது என்பதையும் அந்த ஒப்பீடுதான் சொல்லும்.

காற்று எழுதிய நாட்காட்டி

மாதங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் பருவக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் செங்கடலிலிருந்தும் அரேபியாவிலிருந்தும் இந்தியாவை நோக்கி வந்த கப்பல்கள் குளிர்காலக் காற்றில் திரும்பின. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் இல்லாததால் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து துணிக்கட்டுகளைக் கொண்டுசென்றன. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்றும் புயலும் தொடங்குவதற்கு முன் கப்பல்கள் அங்கிருந்து விலகிவிட வேண்டியிருந்தது. எனவே நவம்பர் மாதத்தில் சென்னைக்கு முன் ஒரு பெரிய கப்பல் துணி ஏற்றியதாக உங்கள் குறிப்பு சொன்னால், முதலில் அந்தக் குறிப்பையே சந்தேகியுங்கள். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ எழுதப்பட்ட ஒரு கொள்முதல் பட்டியலுக்கு உரிய துணி அங்கே வந்துசேர இரண்டாண்டுகளோ அதற்கு மேலோ ஆனது. ஆதலால் ஓர் ஆண்டின் ஏற்றுமதியை அதே ஆண்டின் ஐரோப்பியத் தேவையோடு இணைத்துப் பேசுவது பிழையாகும்.

திரும்பிய சரக்கைத் தேடுதல்

இதுவே இவ்வேலையின் மையமாதலால் இங்கே நிதானமாக நிற்க வேண்டும். தொன்மையான சான்றிலிருந்து தொடங்கலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, முசிறி பாப்பிரஸ் என்று இன்று அழைக்கப்படும் ஆவணத்தின் ஒரு பக்கம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறியோடு தொடர்புடைய கடனொப்பந்தத்தைப் பேசுகிறது. மறுபக்கம் 'எர்மாப்போலோன்' என்ற கப்பலில் எகிப்துக்கு வந்த தந்தம், கங்கைப் பகுதியின் சடாமாஞ்சில் என்ற நறுமண வேர் முதலான சரக்குகளை மதிப்பிடுகிறது. ரோமப் பேரரசு அத்தகைய சரக்குகளுக்கு 25 விழுக்காடு சுங்கம் விதித்தது. எதிர்ப்பக்கம் என்ன வந்தது என்று கேட்டால், தென்னிந்தியாவெங்கும் புதையல்களாகக் கிடைத்துள்ள ரோம நாணயங்கள் விடை சொல்கின்றன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று முதலாம் நூற்றாண்டில் ரோம எழுத்தாளர் பிளினி குறைப்பட்டுக்கொண்டதும் இதைப் பற்றித்தான். செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருப்பதால், நாணயங்களைத் தாண்டி மனிதர்களும் இரு கரைகளுக்கிடையே போய்வந்தார்கள் என்பதும் உறுதியாகிறது.

துணியே எஞ்சியிருக்கும் இடங்கள் சில உண்டு. இந்தியாவின் ஈரக் காற்றில் மட்கிப்போன பழைய குஜராத்தி அச்சுத் துணிகள், எகிப்தின் வறண்ட மண்ணில் புஸ்தாத் என்ற பழைய கெய்ரோப் பகுதியில் துண்டுகளாகக் கிடைத்தன. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தோராஜா மக்கள் அதே வகைத் துணிகளைக் குலச்சொத்தாகப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். மேற்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் ஒத்த வடிவங்கள் கிடைப்பதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. தேடுபவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது: துணி நெய்த ஊரின் அருங்காட்சியகத்தில் சான்று கிடைக்காவிட்டால், அது விற்ற ஊரின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் எதிர்ச்சரக்கு நறுமணப் பொருள்கள். 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் வெள்ளி கொடுத்து வாங்கலாம் என்று எண்ணி வந்தபோது, அத்தீவு மக்கள் விரும்பிக் கேட்டது இந்தியத் துணி என்பதை விரைவில் உணர்ந்தது. சோழமண்டலக் கரை, கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த மொலுக்காஸ் தீவுகளின் இடக்கரம் போன்றது, அங்கிருந்து துணி வராவிட்டால் தீவுகளில் வணிகமே செத்துவிடும் என்னும் கருத்தை 1612இல் ஹென்ட்ரிக் பிரவுவர் கம்பெனிக்கு எழுதினார். மறு ஆண்டே பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுந்தது. ஐரோப்பாவின் சமையலறைக்குச் சென்ற கிராம்பின் விலை, பழவேற்காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களின் தறிகளில் நெய்யப்பட்ட துணியால் கட்டப்பட்டது என்பதை ஐரோப்பா நோக்கிய ஒற்றைக் கோடு காட்டவே காட்டாது.

ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவற்றில் பெரும்பங்கு வெள்ளி. அதன் ஊற்று அமெரிக்கக் கண்டத்தில் இருந்தது. 1545இல் இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையில் கண்டறியப்பட்ட சுரங்கங்களின் வெள்ளியும் மெக்சிகோவின் வெள்ளியும் ஒரு வழியாக ஸ்பெயின் சென்று ஐரோப்பியக் கம்பெனிகளின் கைக்கு வந்தன. இன்னொரு வழியாக, 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் பசிபிக்கைக் கடந்து ஆசியாவுக்கு வந்தன. சென்னையிலிருந்து மணிலாவுக்குப் போன துணிகளில் ஒரு பகுதி மெக்சிகோவரை சென்றது. சென்னைப் பதிவுகளில் மணிலாக் கப்பல் வந்த மாதத்தைக் கண்டால், அடுத்த வாரங்களில் நாணயச்சாலைக் குறிப்புகளையும் புரட்டிப் பாருங்கள். வெள்ளியின் தடம் அங்கே தெரியக்கூடும்.

சோழியின் பாதை இன்னும் நுட்பமானது. மாலத்தீவில் எடுக்கப்பட்ட சோழி வங்கத்துக்கும் இலங்கைக்கும் வந்து, அங்கிருந்து கப்பலின் அடிப்பாரமாக லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போய் ஏலம் விடப்பட்டு, பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் நாணயமாகப் புழங்கியது. அதே கப்பல்களில் இந்தியத் துணியும் சென்றது. இந்தத் தொடரில் எந்தக் கண்ணியையும் தனியே பார்த்தால் வணிகத்தின் நோக்கம் புரியாது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு புதுச்சேரியின் நீலத் துணி. அவுரிச் சாயமேற்றிய அத்துணி பிரான்சின் துறைமுகங்கள் வழியாகச் செனகலின் செயின்ட் லூயிக்குச் சென்றது. செனகல் ஆற்றங்கரையில் அது ஏறக்குறைய நாணயமாகவே வழங்கியது. அதற்கு ஈடாக வந்த சரக்கு கருவேல இன மரங்களிலிருந்து எடுக்கப்பட்ட பிசின். அப்பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுப் பட்டறைகளில் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. இந்தியத் துணியைக் கொடுத்து வாங்கிய பிசின், இந்தியச் சீட்டியைப் பார்த்துப் பழகிய ஐரோப்பிய அச்சுத் தொழிலுக்கு உதவியதை, எதிர்ச்சரக்குப் பத்தியை நிரப்பியவர் மட்டுமே காண முடியும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆலைகள் இத்துணிக்குப் போலி செய்து பார்த்தபோதும் ஆப்பிரிக்க வாங்குநர்கள் புதுச்சேரித் துணியின் மணத்தையும் தொடுவுணர்வையும் தேடி அதையே கேட்டார்கள். ஆகவே வாங்குநரின் விருப்பத்தையும் ஒரு காரணமாக நோட்டில் எழுதுங்கள். கம்பெனி விற்றதை மக்கள் வாங்கினார்கள் என்று எழுதிவிடுவது அவர்களுடைய தேர்ந்த கண்ணை மறைப்பதாகும்.

சட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தல்

எண்களை விளக்குவதற்கு முன் அந்தக் காலத்துச் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தாக வேண்டும். பிரான்ஸ் 1686இல் அச்சிட்ட பருத்தித் துணிகளைத் தடைசெய்து 1759 வரை அத்தடையை நீட்டித்தது. இங்கிலாந்து 1700இல் இயற்றிய சட்டம் ஆசியாவிலிருந்து வந்த சாயமிட்ட, அச்சிட்ட பருத்தித் துணிகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்குத் தடுத்தது. 1721இல் வந்த சட்டம் அச்சுப் பருத்தித் துணிகளை உடுத்துவதையே பெரும்பாலும் தடுத்தது. 1774இல்தான் அந்நாட்டில் செய்த பருத்தித் துணிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் இந்தத் தடைகள் இருந்த காலத்திலும் இந்தியத் துணி லண்டனில் இறங்கிக்கொண்டே இருந்தது, ஏனெனில் மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. லண்டனில் இறங்கிய துணியை லண்டன் மக்கள் உடுத்தினார்கள் என்று எழுதுவது இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை. சேர்ந்த இடம் என்ற பத்தியை 'இறங்கிய இடம்', 'பயன்பட்ட இடம்' என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால், அத்துணியில் கணிசமான பகுதி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் போனது தெளிவாகும்.

மனிதர்கள் சரக்காக எழுதப்பட்ட பக்கங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் அத்துணி எதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி நம்மை அடிமை வணிகத்துக்குக் கொண்டுசேர்க்கும். அக்கடற்கரையில் அடிமைகளை வாங்கக் கொடுத்த பொருள்களில் துணி முதலிடத்தில் இருந்தது. அதில் இந்தியத் துணியின் பங்கு பெரிது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டதாகவும், அவர்களில் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேரே உயிரோடு கரையிறங்கியதாகவும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்த இரு எண்களையும் எப்போதும் தனித்தனியே எழுதுங்கள். கரையிறங்கியவர் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் கடலில் இறந்த ஏறத்தாழ 18 லட்சம் பேர் கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள். ஆவணம் அவர்களைச் சரக்குப் பட்டியலில் வைத்திருந்தாலும், உங்கள் நோட்டில் அவர்களுக்குத் தனிப் பத்தி இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இது அட்லாண்டிக்குக்கு மட்டும் உரியதும் அல்ல. 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்கள் டச்சுக் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். துணி ஏற்றுமதி குறைந்த ஓர் ஆண்டைக் கண்டால், அந்த ஆண்டின் மழையையும் அரிசி விலையையும் கட்டாயம் பாருங்கள்.

எங்கே தேடுவது

தமிழில் கிடைக்கும் மிகச் சிறந்த தொடக்கம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய பக்கங்களில் கப்பல் வரவு, துணி ஒப்பந்தம், வணிகருக்குக் கொடுத்த முன்பணம், விலைப் பேச்சு ஆகியவை நாள்வாரியாக வருகின்றன. ஐரோப்பிய மொழி ஆவணங்களில் எண்களாக மட்டும் நிற்கும் நிகழ்ச்சிகளுக்கு அங்கே முகமும் குரலும் கிடைக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆங்கிலக் கம்பெனியின் பதிவுகளும் டச்சுப் பதிவுகளும் உள்ளன. பட்டேவியாவிலிருந்த (இன்றைய ஜகார்த்தா) டச்சுத் தலைமைக் கணக்கரின் 18ஆம் நூற்றாண்டுப் பேரேடுகளும், அட்லாண்டிக் அடிமைக் கப்பல்களின் பயணப் பட்டியலும் இணையத்தில் தேடக்கூடிய வடிவில் இருக்கின்றன. ஒரே பயணத்தை இரு வேறு தரப்பின் ஆவணங்களில் கண்டுபிடிக்க முடிந்தால் அதைவிடப் பெரிய வாய்ப்பு இல்லை.

அம்புக்குறி திரும்பும் ஆண்டைக் குறித்தல்

இறுதியாக, நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் சரக்கின் திசை மாறியதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் நூற்பு இயந்திரங்கள் பெருகியதும், 1793இல் எலி விட்னி பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்ததும், அடிமைகளின் உழைப்பில் அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தித் தோட்டங்கள் விரிந்ததும், நூற்றாண்டுகளாகத் துணி ஏற்றுமதி செய்த நாட்டைப் பஞ்சு விற்று நூல் வாங்கும் நிலைக்குத் தள்ளின. 1860 வாக்கில் பிரிட்டனின் பஞ்சில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டபோது இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் முடங்கின. இந்தியப் பஞ்சுக்கும் எகிப்தியப் பஞ்சுக்கும் விலை உயர்ந்தது. 1865இல் போர் முடிந்ததும் அவ்விலை சரிந்து பம்பாயில் பல நிறுவனங்கள் வீழ்ந்தன. ஆகவே 1861 முதல் 1865 வரையிலான விலைகளை மற்ற ஆண்டுகளோடு சேர்த்துச் சராசரி காணாமல் தனிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பஞ்சு விலை ஏறியபோது பயிரிட்டவர்க்கு வந்த பணம், அதே ஆண்டுகளில் நூல் வாங்க முடியாமல் தறியை நிறுத்திய நெசவாளரின் இழப்பாகவும் இருந்ததால், அந்தப் பக்கத்தில் இரு பத்திகளையும் அருகருகே எழுதுங்கள்.

திசை மாறிய பின்னும் கைத்தறி அழிந்துவிடவில்லை. ஆங்கில ஆலை நூலைப் பாவாகக் கொண்டு இந்திய நெசவாளர்கள் தொடர்ந்து நெய்தார்கள். சென்னைக் கைக்குட்டைத் துணி என்று பெயர்பெற்ற கட்டம்போட்ட துணி 20ஆம் நூற்றாண்டிலும் நைஜீரியாவுக்குச் சென்றது. அங்கே கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்துப் பிறப்பு, இறப்புச் சடங்குகளில் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கோடு எந்த ஆண்டில் நிற்கிறதோ, அந்த ஆண்டுக்குப் பிறகும் அந்தத் துணி எங்கேனும் விற்றதா என்று ஒருமுறை பார்த்துவிட்டே நோட்டை மூடுங்கள்.